உன் அம்மா ஒட்டிய சிப்

மாதனூர்,
ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தது. எப்போது முடியும் என்று தெரியாது.

அன்பு மகள் கலையரசிக்கு உன் நைனா கன்னியப்பன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தம்பி பிரேம்நாத் மூன்று பேரும் சுகம். அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளை பரத்தும் குளிர் தாங்கிக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவின் மூடியைத் திறந்தேன். நீ விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டரும் இப்போது சுகம். அது இடையில் எப்படி இருந்தது, எப்படிச் சுகமானது என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இதை நானே எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்காலம் வகுப்பு எடுக்கும் மெர்சி டீச்சர், இனிமேல் நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்று போன வாரம் சொல்லிவிட்டார். யாருக்கு என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மெதுவாகத்தான் வருகிறது. ஒரு பக்கம் முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது, ழ எழுதும்போது இன்னும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், ஆனால் எழுதி முடித்ததும் அது அங்கேயே இருக்கிறது, போகவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது. மாதனூரிலிருந்து வேலூருக்கு நான் எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். ரோட்டோரம் இவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லை. பிரியாணிக் கடைகளில் பாதிக் கடையில் ஒரிஜினல் என்று போட்டிருக்கிறது, மீதிக் கடையில் இதுதான் ஒரிஜினல் என்று போட்டிருக்கிறது. பள்ளிகொண்டா வருவதற்குள் எனக்குக் கண் வலித்துவிட்டது, இருந்தாலும் ஒன்றையும் விடவில்லை.

நைனா போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே நிற்கிறாள். போன தடவை நீ கம்ப்யூட்டர் என்ன ஆயிற்று என்று கேட்டபோது, அதெல்லாம் நல்லா கீது, வேலை செய்யுது, நீ சாப்ட்டியா என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நடுவில் கொஞ்சம் விட்டுவிட்டாள், அவ்வளவுதான். அந்த நடுவைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுக்குப் படிக்க வராது என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

தம்பி விஷயம் உனக்குத் தெரியும். ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருந்தவனுக்கு, பேட்டர்ன் ரூமில் கம்ப்யூட்டரில் ஷூவின் மேல்பாகத்தை வரைந்து வெட்டும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த ரூமின் மாஸ்டர் சர்தார் பாஷா, ஒரு லேடீஸ் ஷூவுக்கு முழு செட் பேட்டர்ன் வீட்டிலேயே போட்டு வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த வேலை கிடைக்கவில்லை என்றால் எத்தியோப்பியா போவதாக அவன் முடிவு செய்திருந்தான். அவனுடைய தோஸ்த் ஆமிர் அங்கே ஒரு ஷூ கம்பெனியில் இருக்கிறான், வாடா வாடா என்று வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்கிறான். பாஸ்போர்ட்டுக்கும் எழுதிப் போட்டாயிற்று. உன் அம்மா இதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. எத்தியோப்பியா எந்தப் பக்கம் என்று மட்டும் ஒரு நாள் என்னைக் கேட்டாள், நான் டப்ளினுக்கு எதிர்ப்பக்கம் என்று நினைக்கிறேன் என்றேன். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி.

உன் கம்ப்யூட்டரில் அந்த வரைகிற சாஃப்ட்வேரைப் போட்டால் ஏரியில் இறங்கிய எருமை மாதிரி அசையவே இல்லை. அதற்குத்தான் நீ போனில் வழி சொன்னாய். முழுசாக மாற்ற வேண்டாம், உள்ளே இருக்கிற பிராசசர் சிப்பை மட்டும் மாற்றினால் போதும் என்றாய். புதுச் சிப்பின் கால்கள் பழைய போர்டின் சாக்கெட்டில் உட்கார வேண்டும், அதைப் பார் என்றாய். பார்த்தான், உட்காரும். கரண்ட் கொடுக்கிற பெட்டி தாங்குமா பார் என்றாய். தாங்கும். அதன் சூட்டுக்கு நம் ஃபேன் போதுமா பார் என்றாய். போதும். நாலாவதாக ஒன்று சொல்ல வந்தாய். அப்போது கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டது. உன் தம்பி ஒரு கால் செருப்பில், ஒரு கால் வெளியில், டிபன் பாக்ஸ் கக்கத்தில், போனை என் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிட்டான். நீ என்னிடம், நைனா அவங்கிட்ட மறக்காம சொல்லு, நான் சாயங்காலம் பேசறேன் என்றாய். எதைச் சொல்ல வேண்டும் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாயங்காலம் உனக்கு வேலை வந்துவிட்டது. நாங்கள் மூன்று போதும் என்று இருந்துவிட்டோம்.

அந்தச் சனிக்கிழமை நானும் தம்பியும் வேலூரில் நயீம் அகமது பாய் கடைக்குப் போய்ச் சிப்பை வாங்கினோம். அவர் போர்டின் பெயரைக் கேட்டுவிட்டு, எல்லாம் பாத்துட்டீங்களா என்று கேட்டார். இவன், எங்க அக்கா டப்ளின்ல இருந்து பாத்துட்டாங்க பாய் என்றான். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. டப்ளின் என்றால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. பல பாஷையில் எழுதியிருந்தார்கள், நான் பஸ்ஸில் முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தமிழ் இல்லை. மெர்சி டீச்சரிடம் சொன்னேன். சிப் செய்த கம்பெனிக்கு எழுதுங்கள் என்றார். உனக்கு எழுதி முடித்ததும் எழுதலாம் என்று இருக்கிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசையைத் துடைத்து, வெள்ளை வேட்டி விரித்து, கம்ப்யூட்டரைப் படுக்க வைத்துத் திறந்தோம். உள்ளே பல்லி முட்டை ஓடு இருந்தது. அது ஏன் மெதுவாக ஓடுகிறது என்று நீ கேட்டாயே, இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தம்பி பழைய சிப்பைப் பூப்போல எடுத்தான், உன் அம்மா அதைத் தன் கம்மல் டப்பாவில் பஞ்சு வைத்து மூடினாள். புதுச் சிப்பை வைத்தான், அழுத்தாமலே தானாக உட்கார்ந்தது, கொக்கியைப் போட்டான். இனி அதன் மேல் ஃபேன் உட்கார வேண்டும். அதற்கு நடுவில் பூசுவதற்குச் சாம்பல் நிறத்தில் ஒரு களிம்பு, கண் மருந்து மாதிரி சின்ன டியூப். நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும் என்றான். உன் அம்மாவுக்கு அங்கேதான் பொறுக்கவில்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து முட்டி தேய்ந்து போகும் வரைக்கும் ஷூ கம்பெனியில் பசை பூசி ஒட்டுகிற பேஸ்டிங்கில் இருந்தவள். புதிதாகச் சேருகிற பெண்களைச் சூப்பர்வைசர் கூட்டிவந்து இவள் பூசுகிற ஓரத்தைப் பாருங்கள் என்று காட்டுவார் என்பதை நீ ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாய். டேய், நடுவுல பொட்டு மாதிரி வெச்சா ஓரம் வாய் பொளக்கும்டா என்றாள். இது ஒட்டறதுக்கு இல்லம்மா, சூட்டைக் கடத்தறதுக்கு என்றான். ஒட்டாத சாமானை எதுக்குடா பூசற என்றாள். அதற்குள் அவனுக்கு போன் வந்தது. இங்கே சிக்னல் கம்மி என்று சொல்லிக்கொண்டு தெருவுக்குப் போனான். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. ஆமிர் என்று ஸ்கிரீனில் வந்ததை நான் படித்தேன், அவள் முகத்தைப் பார்த்தால் அவளும் எப்படியோ படித்துவிட்டாள்.

அவள் எழுந்தாள். பரண் மேலிருந்த சொல்யூஷன் டப்பாவை எடுத்தாள். ஷூவுக்கு அடி அட்டை ஒட்டுவார்களே, அந்தப் பசை. மூடியைத் திறந்தாள். எனக்குச் சந்தேகமாக இருந்தது, அதனால் டப்பாவை என் பக்கம் திருப்பிப் படிக்க ஆரம்பித்தேன். தமிழிலேயே இருந்தது. தோல், ரப்பர், ரெக்சின், கேன்வாஸ் ஆகியவற்றை ஒட்டுவதற்கு மட்டும் என்று எழுதியிருந்தது. தோல், ரப்பர் சீக்கிரம் வந்துவிட்டது. ரெக்சினில் கொஞ்சம் நேரம் ஆனது. ஆகியவற்றை என்ற சொல் மிக நீளம், அதில் இரண்டு தடவை வழி தவறித் திரும்பி வந்தேன். மட்டும் என்ற இடத்துக்கு நான் வந்து சேர்வதற்குள் அவள் சிப்பின் முதுகில் ஓரம் வரைக்கும் பூசி, ஃபேனின் அடியிலும் பூசி, காலண்டர் அட்டையால் விசிறி, புறங்கையால் தொட்டுப் பார்த்துக் கையில் ஒட்டாத பதம் வந்ததும் இரண்டையும் சேர்த்து அழுத்தி, சுத்தியின் கட்டைப் பக்கத்தால் நாலு தட்டும் தட்டிவிட்டாள். மட்டும் என்றேன் நான். இன்னா மட்டும் என்றாள். ஒண்ணும் இல்ல என்றேன். இதுல இருக்கறது எதுவும் இனிமே எங்கயும் போவாது என்றாள்.

தம்பி திரும்பி வந்து பார்த்து, அட, ஃபேனை நீயே மாட்டிட்டியாம்மா, சூப்பர் என்று மற்றதை மாட்டி சுவிட்சைப் போட்டான். ஃபேன் சுற்றியது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்கிரீனில் ஒன்றும் வரவில்லை. அணைத்துப் போட்டான், வரவில்லை. திரும்பத் திரும்பப் போட்டதில் வீடு முழுக்கப் புதுச் செருப்பு வாசனை வந்தது. யாராவது ஷூ வாங்கினீங்களா என்று கேட்டான். நாங்கள் இரண்டு பேரும் இல்லை என்றோம், அதுவும் பொய் இல்லை. பிறகு நயீம் பாய்க்குப் போன் போட்டான். அவர் முதல் கேள்வியே, பயாஸ் அப்டேட் பண்ணீங்களா என்றார். அதாவது இந்தப் போர்டு செய்த காலத்தில் அந்தச் சிப் பிறக்கவே இல்லையாம், அதனால் அதை இதற்கு அடையாளம் தெரியாதாம். பழைய சிப் உட்கார்ந்திருக்கும்போதே போர்டுக்குப் புதுசைப்பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டுமாம். உன் தம்பி போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். அக்கா நாலாவதா ஏதோ சொல்ல வந்தாங்க இல்ல நைனா என்றான். ஆமா என்றேன்.

சரி, புதுசைக் கழற்றிப் பழசைப் போட்டுச் சொல்லிவிடலாம் என்று ஃபேனின் திருகுகளைக் கழற்றினான். ஃபேன் வரவில்லை. ஆட்டினான், வரவில்லை. அம்மா, இதுல இன்னா பூசின என்றான். நல்லதாத்தான் பூசினேன் என்றாள். அவன் முழுப் பலத்தோடு இழுத்தான். வந்தது. ஃபேனோடு சிப்பும் சேர்ந்து, போட்ட கொக்கி போட்டபடியே இருக்க, சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அடியில் தலைமுடி மாதிரி இருக்கிற கால்களில் ஒரு ஓரம் சாய்ந்திருந்தது. உன் அம்மா எட்டிப் பார்த்தாள். பாத்தியா, பிரியல என்றாள். சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய் அடுப்படியில் உட்கார்ந்தவள், மத்தியானம் சாப்பிடவில்லை. தம்பி அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் சாப்பிட்டிருப்பாள். பாஸ்போர்ட் எப்ப வரும்னு விசாரிக்கணும் என்று மட்டும் என்னிடம் சொன்னான், அவளுக்குக் கேட்கிற மாதிரி சொல்லவில்லை, ஆனால் நம் வீடு எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும்.

மறுநாள் அவன் லீவு போட்டான். கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி மூன்று பேரும் பஸ் ஏறினோம். வர வேண்டாம் என்று சொல்லியும் உன் அம்மா கேட்கவில்லை, கம்மல் டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். நான் அன்றைக்கு ரோட்டோரத்துப் போர்டுகள் எதையும் படிக்கவில்லை. நயீம் பாய் ஃபேனையும் சிப்பையும் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். நீங்க ஆம்பூரா என்றார். மாதனூர் என்றாள் உன் அம்மா. நான் மேல்விஷாரத்துல பொறந்தவன்மா, அங்கயும் தோல் கம்பெனிதான், இந்த வாசனை எனக்குத் தெரியும் என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர். பிழைக்குமா என்று தம்பி கேட்டான். கால் எதுவும் ஒடியல, நிமித்தும்போது ஒடியாம இருந்தா பிழைக்கும், இல்லனா கீ செயின்ல மாட்டிக்கலாம் என்றார்.

அவர் சூடான காற்று ஊதுகிற கருவியை எடுத்து, ஒட்டியிருந்த இடத்தில் காட்டிச் சூடாக்கிவிட்டு இழுக்கப் போனார். இழுக்காதீங்க பாய், அது இழுத்தா வராது, சூட்டோட திருகுங்க, திருகிக்கினே இருங்க என்றாள் உன் அம்மா. எங்க கம்பெனியில ரிஜக்ட் ஆனதை இப்படித்தான் பிரிப்போம். அப்போ உங்களுதும் ரிஜக்ட் ஆகுமாம்மா என்றார் அவர். மத்தவங்க ஒட்டினதை நான் பிரிப்பேன் என்றாள். திருகினார். பிரிந்துவிட்டது. அவர் துடைத்து, கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டி, லெட் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு அதன் ஓட்டை முனையை ஒவ்வொரு காலிலும் நுழைத்து நிமிர்த்தினார். அந்த நேரம் முழுக்க உன் அம்மா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள், அதில் ஒரு பட்டன் போய்விட்டது.

பிறகு கம்மல் டப்பாவிலிருந்து பழைய சிப்பை எடுத்துப் போட்டு, போர்டுக்குப் புதுசைப்பற்றிச் சொல்லுகிற வேலையை ஓட விட்டார். அது பாட்டுக்கு ஓடும், யாரும் எதையும் தொடாதீங்க, நான் தொழுதுட்டு வந்துடறேன் என்று மசூதிக்குப் போனார். தம்பி டீ வாங்கப் போனான். நாங்கள் இரண்டு பேரும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஒரு கோடு மெல்ல நீண்டுகொண்டே போயிற்று. திடீரென்று ஸ்கிரீன் இருட்டாகிவிட்டது. கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு, மெஷின் சும்மா நின்றால் பக்கத்தில் இருக்கிறவர் சுவிட்சை அணைத்துவிட வேண்டும், இல்லை என்றால் சூப்பர்வைசர் கத்துவார். அத்தனை வருஷப் பழக்கம், இவள் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. சுவிட்சுக்கு மேலே பாய் ஒரு தாள் ஒட்டியிருந்தார். ஸ்கிரீன் இருட்டானாலும் அணைக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. நான் அதை எழுத்துக் கூட்டவில்லை கலையரசி. ஒரே மூச்சில் படித்தேன், சத்தமாக. எழுத்தெல்லாம் தனித்தனியாகத் தெரியவே இல்லை, முழுசாக வாக்கியம்தான் தெரிந்தது. அவள் கை சுவிட்சின் மேல் நின்றுவிட்டது. நிஜமா எழுதியிருக்குதா, சும்மா சொல்றியா என்றாள். எழுதியிருக்கிறது என்றேன். எங்க என்றாள். விரல் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் ஸ்கிரீன் தானாக வந்துவிட்டது. பாய் திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னோம். அணைச்சிருந்தா போர்டு செங்கல்லு ஆயிருக்கும், ஒண்ணும் பண்ண முடியாது என்றார்.

அதன் பிறகு புதுச் சிப்பை வைத்து, அந்தச் சாம்பல் களிம்பை நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்து ஃபேனை மாட்டினார். உன் அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவிட்சைப் போட்டதும் நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு எழுத்து வந்தது. இங்கிலீஷ் பெரிய எழுத்துகள் எனக்குத் தெரியும், புதுச் சிப்பின் பெயரும் நம்பரும் வரிசையாக வந்தது, நான் படித்தேன், தம்பி டீ கிளாஸைக் கீழே வைக்காமலே என்னைக் கட்டிப்பிடித்தான். அந்தச் சட்டையில் பட்டனும் இல்லை, இப்போது டீக் கறையும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைக்குள் பேட்டர்ன் முழுசையும் போட்டுவிட்டான். சர்தார் பாஷா மாஸ்டர் தாளில் வெட்டி, மடித்து, ஒட்டிப் பார்த்துவிட்டு, முன்னால ஒரு மில்லி ஜாஸ்தி, அதைச் சரிபண்ணிட்டு ஒண்ணாந் தேதியிலிருந்து வந்துடு என்றாராம். அந்த ரூமில் ஏசி இருக்கிறது. உன் அம்மா நீ போன தடவை எனக்குக் கொண்டுவந்த ஸ்வெட்டரை அவனுக்குக் கொடுத்துவிட்டாள். ஆமிருக்கு அவனே போன் செய்து வரவில்லை என்று சொன்னான், இந்தத் தடவை வீட்டுக்குள்ளேயே நின்று பேசினான். நேற்று பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. உன் அம்மா அதை வாங்கி, திறந்து, அவன் போட்டோவைப் பார்த்து, மூடினாள். பிறகு அந்தச் சொல்யூஷன் டப்பாவில் மிச்சம் இருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். டப்பாவை நான் ஒளித்து வைத்திருக்கிறேன். எங்கே என்று இதில் எழுத மாட்டேன், காரணம் கீழே வருகிறது.

மழைக் காலத்தில் காலுறை ஈரமாக இருந்தால் போட்டுக்கொண்டு போகாதே. மாப்பிள்ளையிடம் கோபமாகப் பேசிவிட்டுத் தூங்கப் போகாதே. பழைய சிப் கம்மல் டப்பாவிலேயே இருக்கிறது, கம்மல் தீப்பெட்டியில் இருக்கிறது. இனிமேல் நாலு விஷயம் சொல்வதாக இருந்தால் நாலாவதை முதலில் சொல், கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது. தம்பி போட்ட அந்த ஷூ உங்கள் பக்கத்துக் கடைகளுக்குத்தான் வருமாம். பார்த்தால் வாங்க வேண்டாம், கையில் எடுத்து ஓரத்தை மட்டும் பார், நன்றாக ஒட்டியிருக்கிறார்களா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள்.

இவ்வளவு எழுதி முடித்ததும் படித்துக் காட்டு என்றாள். படித்தேன். சொல்யூஷன் வருகிற இடங்களை விட்டுவிட்டுப் படித்தேன். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, எழுத இத்தனை நாளாச்சு, படிக்கச் சீக்கிரம் முடிஞ்சிடுச்சே என்றாள். என் முகத்தைப் பார்த்தாள். நாளை சாயங்காலத்திலிருந்து மெர்சி டீச்சர் வகுப்புக்கு அவளும் வருகிறாளாம். இந்தக் கடிதத்தைப் படித்ததும் பத்திரமாக அங்கேயே வைத்துக்கொள், ஊருக்கு வரும்போது கொண்டுவர வேண்டாம்.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்

உன் நைனா
கன்னியப்பன்
(கை நாட்டு அல்ல, கையெழுத்து)